ஜன்னல் தட்டில் பத்தொன்பது நாள்

காலாமாவில் காற்றுக்கே நாக்கு வறளும்.
துவைத்த கால்சட்டை அரை மணியில்
அட்டையாய் விறைத்து நிற்கும்.
ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு
ஒரு போன் பேசி வந்தால், ஓடு.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தேதான் வைத்தேன்,
விளாதிமிர் சோக்கேயின் பல்லுறையை
ஜன்னலோரத் தட்டில்.

செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்.
சக்கரமே இரண்டு ஆள் உயரம்.
பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்,
இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குவார்.
முன்னதற்குச் சம்பளம் உண்டு.
பின்னதில் கடைவாய்ப் பற்கள் நான்கும் தேய்ந்து
கூழாங்கல்.

டாக்டர் பெர்னால்ஸ் ஸ்கேன் அனுப்பினார்.
இரவு முழுக்க பிரிண்டர்
ரெசினை ஒளியால் அடுக்கடுக்காய்த் தைத்தது.
காலையில் கழுவி,
ஊதா வெளிச்சத்தில் சுட்டு,
விளிம்பை மழித்து,
அச்சுப் பல்வரிசைமேல் அழுத்தினேன்.
டிக்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.
சம்பளத்துக்காக என்று சொன்னால்
என் தம்பி சிரிப்பான்.

பேர் எழுதிய காகிதத்தின்மேல்
மூடியில்லாமல் வைத்தேன்.
நாளைக்கு வந்துவிடுவாரே.

அந்த நாளைக்குள் சாலையை மறித்துவிட்டார்கள்.
டயர் எரிந்தது. பேருந்து நின்றது.
மலைமேல் போனவர்கள் மலைமேலேயே.
வெயில் மட்டும்
பத்து மணிக்கு வந்து மூன்று மணிவரை
அதன்மேல் உட்கார்ந்துவிட்டுப் போனது,
ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல்.

பத்தொன்பதாம் நாள் வந்தார்.
வாயைத் திறந்தார்.
சத்தமே இல்லை.
முன்பற்களில் ஏறிக்கொண்டு
பின்னால் ஒரு ஓரம் தூக்கி நின்றது,
ஒரு கால் குட்டையான நாற்காலி.
"இது யாருடையது?" என்றார்,
மரியாதையாகத்தான்.

டாக்டர் பிரிண்டரைச் சொன்னார்.
பிரிண்டர் விற்றவன் ரெசினைச் சொன்னான்.
ரெசின் கம்பெனி ஸ்கேனைச் சொன்னது.
ஸ்கேன் டாக்டருடையது.
ஜன்னலை யாரும் சொல்லவில்லை.
நானும்.

அன்றிரவே அதே கோப்பில் மூன்று அச்சிட்டேன்.
ஒன்று அதே தட்டில், அதே காகிதத்தின்மேல்.
ஒன்று ஆலிவ் ஜாடியில், தண்ணீருக்குள்.
ஒன்று அச்சிலேயே மாட்டி, ஈரப் பஞ்சோடு
கறுப்புப் பையில் சுருட்டி, இழுப்பறையில்.
வெள்ளிக்கு வெள்ளி அளந்தேன்,
வீட்டில் யாருக்கும் சொல்லாமல்,
சூதாடுகிறவளைப் போல.

இரண்டாம் வெள்ளி:
தட்டில் இருந்தது இரண்டு முடிப் பருமன் விலகி
என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.
ஜாடியில் இருந்தது தண்ணீர் குடித்துக்
கொஞ்சம் பருத்திருந்தது, அதை எதிர்பார்க்கவில்லை.
இழுப்பறையில் இருந்தது
வைத்தது வைத்தபடி.

இரண்டு முடி.
ஆற்றில் அது ஒன்றுமில்லை. கணக்கில் ஒன்றுமில்லை.
வாய்க்குள் அது ஒரு மேடு,
ஏழு மணி நேரத் தூக்கத்தின் குறுக்கே.

விடியுமுன் ஐந்து மணிக்குப் பேருந்து நிலையம்.
ஷிப்டுக்கு ஏறுகிறவர்கள் வரிசையில்
அவரைத் தேடிப் பிடித்துக்
கறுப்புப் பையை நீட்டினேன்.
விளக்குக் கம்பத்தடியிலேயே மாட்டினார்.
டிக்.
எனக்கும் கேட்டது.

சட்டைப் பையிலிருந்து பழையதை எடுத்தார்.
பின் ஓரம் ராவியிருந்தது,
ஒர்க்‌ஷாப் அரத்தால், கோணல்மாணலாக.
"இரண்டு வாரமாய்ப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.
கொஞ்சம் வலிக்கும். சமாளிக்கலாம்."

"தப்பு என்னுடையது," என்றேன்.
"ஜன்னலோரம் வைத்துவிட்டேன். வெயில்."

சிரிக்கவில்லை அவர்.
முகத்தை விளக்குக்குத் திருப்பினார்.
வலக் கன்னம் நாற்பது வயது.
இடக் கன்னம் கறுத்துச் சுருங்கி
யாரோ அண்ணன் ஒருவனுடையது.
"இருபத்திரண்டு வருஷம்
இந்தப் பக்கம்தான் ஜன்னல்."

அதற்கு நான் என்ன சொல்ல?
ஈரத்துணி, மூடிய டப்பா, ஹீட்டர் பக்கம் வேண்டாம்,
என்று விலாசம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தலையாட்டிக்கொண்டே படியேறிவிட்டார்.

பேருந்தில் வலப்பக்கம் உட்கார்ந்தார்.
யோசித்து உட்கார்ந்தாரோ,
காலியாக இருந்த இடமோ.